பெயரைத் திருத்தித் தருகிறேன் என்று பணம் வாங்கி, பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்

ஓட்டர் ஐடியில் பெயரோ பாலினமோ மாற்ற வேண்டியவர்கள், முக்கியமாக நம் திருநங்கை, திருநம்பித் தோழர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் யாரிடமாவது பணம் கொடுங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லாமல் போனதற்குக் காரணம், தாலுகா ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் பிரவுசிங் சென்டர். அரசு இ-சேவை மையம் மாதிரியே போர்டு வைத்திருப்பார்கள்.

என் அட்டையில் பழைய பெயர், ஆண் என்ற பதிவு, பழைய போட்டோ. வாக்குச்சாவடியில் முதல் அலுவலர் பெயரை உரக்கப் படிப்பார், ஏஜெண்டுகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தச் சங்கடம் வேண்டாம் என்றுதான் மாற்றப் போனேன். அரசுக் கட்டணம், ஆஸ்பத்திரி சர்டிபிகேட், கெஜட் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய் என்றார் கடைக்காரர். "நீங்க அலையவே வேணாம்க்கா, ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க போதும்" என்றார்.

வாக்காளர் பட்டியலில் திருத்தம் செய்யப் போட வேண்டியது படிவம் 8. அதற்குக் கட்டணமே கிடையாது. பெயர், பாலினம், போட்டோ எல்லாம் அதிலேயே மாற்றலாம். பாலினத்தில் மூன்றாம் பாலினம் என்ற தேர்வும் உண்டு. அவர் போட்டது வேறு இரண்டு படிவங்கள். புதுப் பெயரில், புது வாக்காளர் என்று படிவம் 6. பழைய பெயரை நீக்கச் சொல்லிப் படிவம் 7. வந்த ஓ.டி.பி. எல்லாம் இதற்குத்தான். என் கையில் கொடுத்த ஒப்புகைச் சீட்டு படிவம் 6-க்கு உரியது மட்டும். 7 போட்டதை வாயே திறக்கவில்லை.

படிவம் 6-இல் "என் பெயர் வேறு எந்தத் தொகுதிப் பட்டியலிலும் இல்லை" என்று உறுதிமொழி இருக்கிறது. பொய் என்று தெரிந்தே அப்படி எழுதிக் கொடுத்தால், 1950-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 31-இன்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். என் பெயரில் அந்தப் பொய்யைச் சொன்னவருக்கு ஒன்றும் இல்லை, மாட்டினால் மாட்டுவது நான்.

நடந்தது இதுதான். பழைய பதிவு இருக்கிறதே என்று புது விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. அப்புறம் நீக்கல் விண்ணப்பத்தை விசாரிக்க பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) பழைய முகவரிக்குப் போயிருக்கிறார். அது என்னைப் பெற்றவர்கள் வீடு. "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பழைய பதிவும் போனது.

ஏப்ரல் 19 அன்று சாவடிக்குப் போனபோதுதான் இது எனக்குத் தெரியும். அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார், பட்டியலை என் கண் முன்னாலேயே புரட்டிக் காட்டினார். ஆனால் அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது. வேட்புமனுவுக்குக் கடைசி நாள் முடிந்த பிறகு பட்டியலில் எதையும் சேர்க்கவோ திருத்தவோ நீக்கவோ சட்டத்தில் இடமில்லை. எங்களுக்கு அந்த நாள் மார்ச் 27. நீக்கிய உத்தரவை எதிர்த்து 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்தான். நீக்கியதே தெரியாதவள் எங்கே போய் மேல்முறையீடு செய்வது?

எதுவுமே செய்யாமல் பழைய அட்டையோடு போயிருந்தால்கூட ஓட்டு இருந்திருக்கும் என்பதுதான் இன்னும் ஆறவில்லை. அட்டையில் இருக்கும் சின்ன எழுத்துப் பிழைகளைப் பெரிதுபடுத்தக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. போட்டோ பொருந்தவில்லை என்றால் ஆணையம் ஏற்றுக்கொண்ட மாற்று ஆவணங்களில் ஒன்றைக் காட்டலாம். வண்டி லைசென்ஸும் அந்த வரிசையில் உண்டு. என்னிடம் பழைய பெயரிலேயே இருந்தது.

கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "அப்ளிகேஷன் போட்டாச்சு, ஆபீஸ்ல ரிஜெக்ட் பண்ணா நான் என்ன சார் பண்றது?" அதுவரை அக்கா, அன்றைக்கு சார். பணம் ஒரு பைசா திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி சர்டிபிகேட் என்று வாங்கியதும் ஏமாற்றுதான். அறுவை சிகிச்சை செய்தால்தான் பாலினத்தை ஏற்போம் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்று திருநர் உரிமை பற்றிய 2014 நால்சா தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது நடப்பில் இருந்த 2020 விதிகளின்படி, திருநர் அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் உறுதிமொழிப் பத்திரத்தோடு தேசியத் திருநர் இணையதளத்தில் விண்ணப்பித்தால் போதும், மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. ஆண் அல்லது பெண் என்றே சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்குத்தான் மருத்துவமனைக் கடிதம். நான் கேட்டது அதுவல்ல.

தேர்தல் முடிந்ததும் முதலில் அந்தச் சான்றிதழ் வாங்கினேன். அதை வைத்து ஆதாரை மாற்றினேன். ஆதாரில் பாலினத்தை ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். இந்த மாதிரி ஆள் கையில் கொடுத்து அதுவும் தப்பாகப் பதிவானால் பெரிய தலைவலி, பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். பட்டியலில் பெயரே இல்லாததால் இந்த முறை உண்மையாகவே படிவம் 6 போட்டு, இப்போது இருக்கும் முகவரியில் சேர்ந்துவிட்டேன். உங்கள் பெயர் பட்டியலில் இருந்தால் 8 மட்டும் போடுங்கள். வீடும் மாறியிருந்தால் அதற்குத் தனியாக இன்னொரு 8, ஒரே படிவத்தில் இரண்டு வேலையும் கேட்க முடியாது.

ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்துவிட்டீர்களா? அட்டையில் இருக்கும் எண்ணைப் போட்டு ஆணையத்தின் தளத்தில் உங்கள் பெயரை இன்றைக்கே தேடுங்கள். உங்கள் மொபைல் எண்ணில் உள்ளே நுழைந்து, என்னென்ன படிவம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். படிவம் 7 ஒன்று நிலுவையில் இருந்தால் வாக்காளர் உதவி எண் 1950-க்கு அழைத்து உங்கள் பி.எல்.ஓ. யார் என்று கேளுங்கள். அவரிடமும் வாக்காளர் பதிவு அலுவலரிடமும் "இதை நான் கேட்கவில்லை" என்று எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.