பாகல் விதை: நேரே மண்ணா, ஈரத் திசுத்தாளா, நாற்றுத் தட்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கொல்லையில் பாகல் போடுகிறவர்கள் மூன்று கட்சி. ஒரு கட்சி விதையை நேரே மண்ணில் ஊன்றும். இன்னொன்று ஈரத் திசுத்தாளில் சுற்றி டப்பாவில் மூடி வைக்கும். மூன்றாவது கட்சிக்குத் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய நாற்றுத் தட்டு.

முளைக்கத் தண்ணீர், காற்று, வெப்பம் மூன்றும் வேண்டும். பாகலுக்கு 25 முதல் 30 டிகிரி போதும்; அது இங்கே வருஷம் முழுக்க உண்டு. குளிர்நாட்டு வீடியோவில் காட்டும் சூட்டுப்பாய்க்குக் காசைக் கொட்ட வேண்டாம். தண்ணீரும் அந்திமழையில் தானே வந்துவிடும். விதைக்குக் கிடைக்காமல் போவது காற்றுதான். நீர் கோத்த மண்ணில் அது மூச்சுமுட்டி அழுகும்.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றே. ஓடு தடிப்பு, நகவெட்டியால் குறுகிய முனையின் ஓரத்தை மெல்ல நெரித்து ஒரு விரிசல் விடுங்கள். உள்ளே பருப்பில் பட்டால் விதை போச்சு. பிறகு 8 முதல் 12 மணி நேரம் ஊறட்டும். ஒரு நாளைத் தாண்டினால் புளித்த வாடை வரும். மிதக்கிறது என்று தூக்கி எறியாதீர்கள். பாகல் ஓட்டுக்குள் காற்று இருக்கும், மிதந்ததும் முளைப்பதுண்டு.

நேரே ஊன்றினால் வேர் கலையாது, அது பெரிய லாபம். ஆனால் களிமண் தரையில் ஒரு மழை அடித்து வெயில் காய்ந்தால் மேலே ஏடு கட்டிவிடும், முளை முட்டி நிற்கும். எலியும் நத்தையும் வேறு. மேட்டுப்பாத்தி போட்டு 2 செ.மீ. ஆழத்தில், குழிக்கு 3 விதை போட்டால் ஒன்று தேறும்.

திசுத்தாளில் வேகம் அதிகம். முளைவேர் மூன்று நாளிலேயே தலைகாட்டலாம். அவசரம் அங்கேதான் ஆபத்து. வேர் 1 செ.மீ. தாண்டினால் தாளைத் துளைத்துக்கொள்ளும், பிரிக்கையில் ஒடியும். தாள் சொட்டச் சொட்ட இருந்தாலும் பூஞ்சை. பழைய விதையைச் சோதிக்க மட்டும் இது நல்ல வழி: பத்தில் நாலுக்குக் கீழே முளைத்தால் புது விதை வாங்குங்கள்.

பாகல் விதைபோல் காய்ந்தும் காத்திருக்கும் பொறுமை ரப்பர் விதைக்குக் கிடையாது, காய்ந்தால் செத்துவிடும். 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போன சுமார் 70,000 விதையில் முளைத்தது ஏறக்குறைய 2,700தான். செம்பனை (எண்ணெய்ப் பனை) விதையோ நேர்மாறு. வாரக்கணக்கில் சூடு காட்டினால்தான் உறக்கம் கலையும்.

பாகலுக்கு எங்கள் ஓட்டு நாற்றுத் தட்டுக்கே. நார்த்தூளை இரண்டு முறை அலசி உப்பைப் போக்குங்கள். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. விதையை 1.5 செ.மீ. ஆழத்தில் ஊன்றி, தட்டை மழை படாத ஐந்தடியில் (கூரை போட்ட முன்நடையில்) வையுங்கள். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் தண்டு நெடுத்துச் சாயும். அடித்தண்டு நூலாய் இளைத்து விழுந்தால் அது நாற்றழுகல்; தண்ணீரைக் குறையுங்கள். முதலில் வரும் விதையிலைக்குப் பிறகு இரண்டு உண்மை இலை வந்ததும் மண்கட்டி உடையாமல் நடவேண்டும். பாகல் வேர் கை படுவதைத் தாங்காது.

வெண்டைக்கும் கீரைக்கும் தட்டு வீண்வேலை. வெண்டையை ஓர் இரவு ஊறவைத்து நேரே ஊன்றுங்கள். கீரை விதையை ஊறவைக்காமல் மணலோடு கலந்து தூவுங்கள்.