தொட்டி மீன் மருந்துகள்: எது காசுக்கு ஏற்றது, எது வெறும் சாயம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் புதுச்சேரி, கடலூர் பக்கத்து வண்ணமீன் கடைகளில் மருந்துப் புட்டிக்குக் கிராக்கி வந்துவிடும். நேற்று வரை வெதுவெதுப்பாக இருந்த வாசல் தொட்டி ஒரே இரவு மழையில் குளிர்ந்துபோகும். சில நாளில் கோய், கோல்டுஃபிஷ் உடம்பெல்லாம் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. கடையில் கிடைக்கும் சரக்கில் எதை வாங்கலாம்?

வாங்கப் போகும் முன் மீனை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். விடியற்காலையில் எல்லா மீனும் ஒன்றாக மேலே வந்து வாயைப் பிளந்தால் அது நோய் அல்ல, ஆக்சிஜன் பற்றாக்குறை. காற்று மோட்டார் போதும். ஆண் கோல்டுஃபிஷுக்குச் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் மட்டும் வெள்ளைப் பொரி இருந்தால் அது இனப்பெருக்கப் பருவத்தின் அடையாளம். இதற்கு மருந்து ஊற்றிச் சாகடித்த மீன்கள் ஏராளம்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. 4 அடி விட்டமுள்ள சிமெண்ட் உறையில் ஒன்றரை அடி தண்ணீர் நின்றால் சுமார் 530 லிட்டர். கண்ணால் பார்த்து ‘ஆயிரம் இருக்கும்’ என்று ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும்.

கல்லுப்பு: 5க்கு 5. மரக்காணத்து உப்பளச் சரக்கு தாராளமாகப் போதும். அயோடின் உப்பு மீனைக் கொன்றுவிடும் என்பது வீண் பயம், அதில் அயோடின் அவ்வளவு குறைவு. வெள்ளைப் புள்ளிக்கு லிட்டருக்கு 3 கிராம், அதாவது 500 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ. வாளியில் கரைத்து, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோவாக மூன்று தவணையில் ஊற்ற வேண்டும். புள்ளிக்குள் இருக்கும் கிருமியை எந்த மருந்தும் தொடாது. அது முதிர்ந்து உதிர்ந்து, குட்டி போட்டு நீந்தும்போதுதான் சாகும். ஆகவே புள்ளி மறைந்த மறுநாளே நிறுத்திவிடாமல் 10 நாள் உப்பை விட்டுவையுங்கள், குளிர்ந்த தண்ணீரில் 14 நாள். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கும். ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் நிரப்புங்கள். அல்லிக்கொடி இருந்தால் முதலில் வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். கடலோர போர்வெல் தண்ணீர் ஏற்கெனவே உப்புக் கரித்தால் அளவைக் குறையுங்கள்.

மெத்திலீன் நீலம்: தனி டப்பில் 4, தொட்டியில் 1. பூஞ்சை பிடித்த முட்டைக்கும் தண்ணீரில் நைட்ரைட் என்ற கழிவு நச்சு ஏறித் தவிக்கும் மீனுக்கும் நல்ல மருந்து. 1 சதவீதக் கரைசல் என்றால் 50 லிட்டர் டப்புக்கு 10 மில்லி. தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் வளர்ந்த நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்து, அடுத்த வாரம் அம்மோனியா ஏறும். வீரியம் அச்சிடாத புட்டியை வாங்காதீர்கள்.

பொட்டாசியம் பர்மாங்கனேட்: நகைத் தராசு இருப்பவர்களுக்கு 4, இல்லாதவர்களுக்குப் பூஜ்யம். 500 லிட்டருக்கு வெறும் 1 கிராம்தான். 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 100 மில்லி எடுப்பது பாதுகாப்பான வழி. இளஞ்சிவப்பு நிறம் 4 மணி நேரம் நிற்க வேண்டும். அதற்குள் பழுப்பாகிவிட்டால் தொட்டியில் அழுக்கு அதிகம், மருந்தை அதுவே தின்றுவிட்டது என்று பொருள். மீன் சாய்ந்து நீந்தினால் உடனே ஆன்டி குளோரின் (குளோரின் நீக்கும் திரவம்) ஊற்றுங்கள், நிறமும் வேகமும் அடங்கும். ஃபார்மலின் என்ற மருந்தோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

மலாக்கைட் பச்சை வெள்ளைப் புள்ளிக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் கையுறை கட்டாயம். சமைக்கும் மீன் உள்ள குளத்தின் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள்.

எல்லா நோய்க்கும் ஒரே புட்டி என்று விற்கும் மஞ்சள் திரவத்துக்கு 1. நூல் போலத் தொங்கும் நங்கூரப் புழுவை இடுக்கியால் அடியோடு பிடுங்க வேண்டும்; சாயத்தில் அது சாகாது. செதில் சிலிர்த்து அன்னாசிப் பழம் போல வீங்கிய மீனும் இதில் தேறாது, அதற்குள் சிறுநீரகமே கெட்டிருக்கும். டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துக் கொட்டுவதும் இதே கதைதான்: நம் கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

மருந்துக்கு முன் வாங்க வேண்டிய பொருளைக் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவதில்லை: அம்மோனியாவும் பிஎச்சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) பார்க்கும் சொட்டுச் சோதனைக் கிட். 30 டிகிரித் தண்ணீரில் பிஎச் 7 என்றால், கிட் காட்டும் அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட நச்சு வடிவில் இருக்காது, 8.5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு நச்சு. புது சிமெண்ட் தொட்டியில் பிஎச் அதற்கு மேலும் போகும். அம்மோனியா எண் கூடினால் மருந்தை மூடி வைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை இறைத்து, குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி, இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். பாதி ‘நோய்’ அங்கேயே நின்றுவிடும்.