வீட்டுல கடல் மீன் வளக்க உப்புத்தண்ணி டேங்க் ஆரம்பிக்கப் போறீங்களா? 78,400 ரூபாயை நான் தொலைச்ச கதையை முதல்ல படிங்க

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு அனிமோனை (பூ மாதிரி விரியற கடல் உயிர்) வலையால அள்ளி பக்கெட்டுல போட்டேன். அள்ளினேன்னு சொல்றதே தப்பு. வேக வெச்ச ஜவ்வரிசி மாதிரி கரைஞ்சு வலைக்கண் வழியா வழிஞ்சுது. அந்த நாத்தம் இன்னும் கையை விட்டுப் போகல, மூணு தடவை சோப்பு போட்டாச்சு. கோபத்தோட தான் எழுதறேன். முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

78,400 ரூபாய். ரெண்டு வருஷம் மாசாமாசம் கட்டி எடுத்த சீட்டுப் பணம்.

கடை பேரைப் போடல. போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு வீட்டுல பயப்படறாங்க. கீழ்த்தளத்துல சாதா வண்ண மீன், மாடியில ஏசி போட்டு மரைன் மீன், அதாவது கடல் மீன், இப்படி ஒரு கடை. சென்னையில வண்ண மீன்னா எல்லாரும் கொளத்தூர் பக்கம் கை காட்டுவாங்க. எட்டு வருஷமா நன்னீர் மீனை அங்க தான் வாங்கறேன், என்னை யாரும் ஏமாத்தினது இல்ல. இது அந்தப் பக்கத்துக் கடை இல்ல. அந்த வியாபாரிங்க மேல பழி விழக்கூடாதுன்னு தான் இதைச் சொல்றேன்.

எப்படி நம்பினேன்னு சொல்லணும், ஏன்னா நீங்களும் இப்படித்தான் நம்புவீங்க. மாடிக்கு ஏறினதும் ஒரு லயன் ஃபிஷ் கண்ணுல பட்டுது. செட்டையை விசிறி மாதிரி விரிச்சு அசையாம நின்னுது. "இது வேணும்"னேன். கடைக்காரர் தலையை ஆட்டிட்டார். "வேணாம்க்கா. முள்ளுல விஷம். கூட இருக்கிற சின்ன மீனையெல்லாம் முழுங்கிடும். முதல் டேங்க்குக்கு இது சரிப்படாது. காசு வருதேன்னு உங்க தலையில கட்ட மாட்டேன்." அவர் சொன்னது அத்தனையும் உண்மை, அன்னைக்கு ராத்திரியே நான் தேடிப் படிச்சேன். கைக்கு வந்த வியாபாரத்தை வேணாம்னு சொல்ற மனுஷன் பொய் சொல்ல மாட்டார்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்புறம் அவர் சொன்ன எதையும் நான் சரிபார்க்கல. அந்த ஒரு மீனை விக்காம விட்டு 78,400 ரூபாய்க்கு வித்துட்டார்.

கணக்கைக் கேளுங்க. நாலடி டேங்க், ஸ்டாண்டோட 22,000. சம்ப் (அடியில வைக்கற வடிகட்டித் தொட்டி), ஸ்கிம்மர் (அழுக்கை நுரையா எடுக்கற கருவி), மோட்டார் 18,500. லைட் 9,000. உப்பும் மணலும் 8,000. லைவ் ராக்னு, அதாவது நுண்ணுயிர் ஒட்டின கடல் கல்னு, 20 கிலோ, கிலோ 450, ஆக 9,000. மீன்ல கிளவுன் ஃபிஷ் ஜோடி, ஒரு புளூ டாங், ஒரு கிளீனர் ராஸ், ரெண்டு டேம்சல், அதோட ஒரு அனிமோன், ஒரு பாக்டீரியா பாட்டில், எல்லாம் சேர்த்து 11,900. பாதிக்கு மேல யுபிஐ-ல போச்சு, மீதி கையில. பில் கேட்டதுக்கு சின்ன பேடுல எழுதி, மேல "எஸ்டிமேட்"னு போட்டுக் கொடுத்தாங்க.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து மாட்டினாங்க. போர் தண்ணி பரவாயில்லையான்னு கேட்டேன். "எந்தத் தண்ணியா இருந்தா என்னக்கா, உப்பு போட்டா கடல் தண்ணி தானே." உப்பைக் கரைச்சு முடிச்சதும் கடைக்காரர் விரலை நனைச்சு நாக்குல வெச்சார். "கரெக்ட்டா இருக்கு." சாம்பாருக்கு உப்பு பாக்கற மாதிரி! நானும் தலையாட்டினேன். இருபது வருஷ அனுபவம்னா நாக்கே சொல்லிடும் போலன்னு நினைச்சேன்.

ஞாயிறு காலையில அந்த பாக்டீரியா பாட்டிலை ஊத்தினார். மதியம் மீனை விட்டார். "முன்னாடியெல்லாம் ஒன்றரை மாசம் காத்திருக்கணும். இப்ப பாட்டில் வந்துடுச்சு, ஒரே நாள்." போகும்போது, "தண்ணி குறைஞ்சா உப்புத்தண்ணி கலந்து ஊத்துங்க, மறந்துடாதீங்க"ன்னு அழுத்திச் சொன்னார். தினமும் கலந்தேன். ஃபேன் வேற ஓடுது, நாளைக்கு அஞ்சு லிட்டர் கிட்ட குறையும். ஒரு நாள் கூட தவறாம உப்பு கலந்து ஊத்தினேன்.

நாலாம் நாள் புளூ டாங் கல் இடுக்குல சாஞ்சு படுத்துது, செவுள் படபடன்னு அடிச்சுது. போன் பண்ணினேன். "புது இடம்க்கா, பயம். லைட்டை அணைங்க." அஞ்சாம் நாள் செத்துப் போச்சு. 4,500 ரூபாய் மீன். "வீடியோ அனுப்புங்க, பாக்கறேன்." அனுப்பினேன், நீல டிக் விழுந்துது, பதில் இல்ல. ஆறாம் நாள் கிளவுன் ஃபிஷ் ரெண்டும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சு. ஜோடியா வாங்கினது ஜோடியா போச்சு. கடைக்கு நேர்ல போனேன். அவர் இல்ல. கல்லாவுல இருந்த பையன், "அண்ணன் லோடு எடுக்க வெளியூர் போயிருக்கார்"னான். மாடியில அவர் பேசற சத்தம் எனக்குக் கேட்டுது.

மறுநாள் வேற நம்பர்ல கூப்பிட்டேன், எடுத்தார். பேச்சே மாறிப்போச்சு. "உங்க வீட்டுத் தண்ணி சரியில்லக்கா." எந்தத் தண்ணியா இருந்தா என்னன்னு சொன்னது யாரு? "உயிருள்ள ஜீவனுக்கு யாராலயும் கேரண்டி தர முடியாது." சரி, பாதி மீனுக்காவது பணம் கொடுங்கன்னேன். "டேங்க் நல்லா தானே இருக்கு, அதுல கோல்டு ஃபிஷ் விடுங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார். அந்த வார்த்தை தான் என்னைத் தூங்க விடல.

ஒன்பதாம் நாள், முகப்பேர்ல பல வருஷமா மரைன் டேங்க் வெச்சிருக்கிற ஒரு அண்ணன், கூட வேலை பாக்கறவங்க மூலமா அறிமுகமாகி வீட்டுக்கே வந்தார். காசு வாங்கல. உப்பு அளக்கற ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துல பாத்து என்கிட்ட நீட்டினார். 1.031. இருக்க வேண்டியது 1.025 கிட்ட. "என்ன ஊத்தினீங்க?"ன்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சொன்னார்: ஆவியாப் போறது தண்ணி மட்டும் தான்மா, உப்பு டேங்க்லயே தங்கிடும். குறையற இடத்துக்கு நல்ல ஆர்.ஓ. தண்ணி தான் ஊத்தணும். ஒன்பது நாளா என் கையாலயே உப்பை ஏத்திட்டு இருந்திருக்கேன். சாயங்காலம் மொட்டை மாடி தண்ணித்தொட்டி பக்கத்துல அழுதுட்டு நிக்கற வயசா எனக்கு? நின்னேன்.

அடுத்து அம்மோனியா டெஸ்ட். சின்னக் கண்ணாடிக் குழாய்ல தண்ணி எடுத்து மருந்து விட்டார். மஞ்சளாவே நிக்கணுமாம். அஞ்சு நிமிஷத்துல வேப்பிலைப் பச்சை ஆயிடுச்சு. மீன் கழிவுலயும் அழுகற பொருள்லயும் அம்மோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இந்தக் கூட்டம் கல்லுலயும் மணல்லயும் வளர்ந்து நிலைக்க பொதுவா நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். பாட்டில் பாக்டீரியா உதவலாம், ஆனா டெஸ்ட் பண்ணிப் பாக்காம மறுநாளே மீனை விடறது சூதாட்டம். அதுவும் உப்புத்தண்ணியில பி.ஹெச். 8-க்கு மேல இருக்கறதால அம்மோனியாவோட விஷம் இன்னும் ஏறும். தண்ணி சூடு வேற மதியத்துல 32 டிகிரி. 26 கிட்ட இருக்கணும். சென்னை வெயிலுக்கு சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கற மிஷின்) இல்லாம கஷ்டம்னு கடையில ஒரு வார்த்தை சொல்லல, "ஃபேன் போதும்" தான். இதுல அனிமோனுக்கு ஆறு மாசமாவது ஓடி நிலைச்ச டேங்க் வேணுமாம். புளூ டாங் ஒரு அடி வரைக்கும் வளருமாம், நாலடி டேங்க் அதுக்குப் பத்தாது. லயன் ஃபிஷ் வேணாம்னு அவ்வளவு அக்கறையா சொன்னவருக்கு இதெல்லாம் தெரியாதா?

கடைசியா அந்த அண்ணன் ஒரு கல்லை வெளிய எடுத்து விளக்குக்கு நேரா பிடிச்சார். "இதை எங்க வாங்கினீங்க?" கல் முழுக்க குட்டிக் குட்டி நட்சத்திரம் அச்சு குத்தின மாதிரி இருந்துது. அழகா இருக்குன்னு தான் அதை முன்னாடி வெச்சிருந்தேன். அது கல்லே இல்ல, பவளத்தோட எலும்பு. "ராமேஸ்வரம் பக்கம் நம்ம ஆளு எடுத்து அனுப்பறான், ஒரிஜினல்"னு கடையில பெருமையா சொன்னப்ப தரமான சரக்குன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேனே. ராமேஸ்வரத்துலேர்ந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, 1986-ல தேசியப் பூங்காவா அறிவிச்ச மன்னார் வளைகுடா. பவளப்பாறை 2001-லேர்ந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, புலி யானை இருக்கற அதே அட்டவணை. விக்கறதும் குத்தம், வெச்சிருக்கறதும் குத்தம். மூணு வருஷத்துலேர்ந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். கிலோ 450 ரூபாய்க்கு என் வீட்டுக்குள்ள குத்தத்தைக் கொண்டு வந்து வெச்சுட்டுப் போயிருக்காங்க. கோணிப்பையில காயக் காயக் கொண்டு வந்ததால அதுல ஒட்டியிருந்த உயிரெல்லாம் செத்து, டேங்க்குள்ள அழுகி, அந்த அம்மோனியாவுக்கும் அதுவே ஒரு காரணம்னார்.

டிப்ஸ் கேட்டு ரெண்டு பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க, விரிவா எழுதறேன்னு சொல்லியிருந்தேன். இப்ப மனசு இல்ல. இவ்வளவு தான்: முறையான பில் இல்லாம ஒரு ரூபாய் கொடுக்காதீங்க. ரிஃப்ராக்டோமீட்டரும் அம்மோனியா டெஸ்ட் கிட்டும் மீனுக்கு முன்னாடி வாங்குங்க. ஒரே நாள்ல மீன் விடலாம்னு யார் சொன்னாலும் படியிறங்கி வந்துடுங்க. நம்ம கடல்லேர்ந்து எடுத்த பவளம், கடல்குதிரை எதையும் தொடாதீங்க. கிளவுன் ஃபிஷ் குஞ்சு பொரிக்க வெச்சு வளக்கற தொழில்நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியிருக்கு, வளர்ப்பு மீனான்னு கேட்டு வாங்குங்க.

பில் கொடுக்காததும், கெட்ட சரக்கைத் திரும்ப வாங்க மாட்டேன்னு சொல்றதும் 2019 நுகர்வோர் சட்டத்துல முறைகேடான வணிகம். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணி புகார் பதிஞ்சாச்சு. அஞ்சு லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல வழக்குக் கட்டணம் கிடையாதாம். யுபிஐ ரசீது இருக்கு, அந்த "எஸ்டிமேட்" சீட்டும் இருக்கு. 78,400-ல எவ்வளவு திரும்புமோ தெரியல, விடப் போறதில்ல. கல்லை எல்லாம் எடுத்து மூடி வெச்சிருக்கேன். காலையில கிண்டி வனத்துறை ஆபீஸுக்குக் கொண்டு போய் ஒப்படைக்கப் போறேன். எங்க வாங்கினேன்னு கேட்டா அங்க பேரோட சொல்லுவேன்.

ஒரு உதவி வேணும். ரெண்டு டேம்சல்ல ஒண்ணு இன்னும் உயிரோட இருக்கு. கல்லை எடுத்ததும் ஒளிய இடமில்லாம மூலைக்கு மூலை ஓடுச்சு, ஒரு பி.வி.சி. எல்போ துண்டைக் கழுவிப் போட்டேன், அதுக்குள்ள போய் தலையை மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது. நான் டேங்க்கைப் பிரிக்கணும். பெரம்பூர் சுத்து வட்டாரத்துல நல்லா ஓடற மரைன் டேங்க் வெச்சிருக்கவங்க யாராவது இதை எடுத்துக்கங்க, காசு வேண்டாம், நானே பக்கெட்டுல கொண்டு வந்து தர்றேன். ஆர்.ஓ. தண்ணி விட்டு விட்டு உப்பு இப்ப 1.029-க்கு வந்திருக்கு. அங்கேர்ந்து மெதுவா இறக்கத் தெரிஞ்சவங்களா இருந்தா போதும்.