மூணாறு குளிரில் கேஸ் கீசர்: வால்வு மாற்ற வேண்டிய நேரம் எப்படித் தெரியும்?

மூணாறில் டிசம்பர் பிறந்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. சில எஸ்டேட்டுகளில் விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மழைக்காலத்திலோ மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் நாங்கள் கேஸ் கீசர் வாங்கினோம். இரண்டு பெரிய டார்ச் பேட்டரி போட்டால் போதும், கரண்டே வேண்டாம். பல வருடமாக ஓடுகிறது. வெளிக்கூடு, பர்னர், உள்ளே இருக்கும் செம்புக் குழாய் எல்லாம் வாங்கும்போது வந்தவைதான். மாற்ற வேண்டி வந்த ஒரே பெரிய பாகம் கேஸ் வால்வு. இந்த அனுபவத்தை எழுதுவதே அதற்காகத்தான். வால்வு திடீரென்று ஒரே நாளில் கெட்டுவிடாது. வாரக்கணக்கில் ஜாடை காட்டிக்கொண்டே இருக்கும். நமக்குப் பார்க்கத் தெரிய வேண்டும்.

அதற்கு இந்த மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் நல்லது. பைப்பைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் தகட்டைத் தள்ளும். தகடு ஒரு சின்னப் பித்தளைக் கம்பியை நகர்த்தும். கம்பி நகர்ந்ததும் கேஸ் வரும் வழியில் ஒரு கதவு திறக்கும், கூடவே ஒரு குட்டி சுவிட்சும் தட்டப்படும். சுவிட்ச் தட்டினால் பேட்டரி வேலையைத் தொடங்கும்: 'டிக் டிக்' என்று பொறி விழும், 'டக்' என்று சோலினாய்டு வால்வு, அதாவது கம்பிச்சுருளின் காந்தத்தால் இயங்கும் இரண்டாவது கதவு, திறக்கும். தீ பிடித்ததா என்று பர்னர் பக்கத்தில் நிற்கும் ஓர் ஊசி பார்த்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் சில நொடிகளில் கேஸ் நின்றுவிடும். பைப்பை மூடினால் கம்பி பழைய இடத்துக்குத் திரும்பி, இரண்டு கதவும் மூட வேண்டும்.

எங்கள் வீட்டில் மாற்றத்தை முதலில் கவனித்தவர் அத்தைதான். "ஏ பிள்ளே, இது முந்தி மாதிரி இல்ல. பத்துறதுக்கு யோசிக்குது" என்றார். உண்மைதான். பொறி விழுந்த உடனே பற்றும் தீ, இரண்டு மூன்று நொடி தாமதித்து, 'பொப்' என்ற சத்தத்தோடு பற்றியது. கதவு முழுசாகத் திறக்காமல் கேஸ் மெலிதாக வந்து உள்ளே சேர்ந்து, பிறகு மொத்தமாகப் பற்றினால் இப்படித்தான் சத்தம் வரும். ஆனால் தாமதத்தை மட்டும் வைத்து வால்வைக் குறை சொல்ல முடியாது. பேட்டரி இறங்கியிருந்தாலும், பர்னரில் கரி அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

சந்தேகமில்லாமல் காட்டிக்கொடுத்தது அடுத்த அறிகுறி. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு கீசரின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பைப்பை மூடியதும் தீ பட்டென்று அணைய வேண்டும். எங்களுடையதில் பர்னரின் ஒரு ஓரத்தில் நீலத் தீ கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அணைந்தது. கம்பி மெதுவாகத் திரும்பினால் சுவிட்சும் விடாது. சுவிட்ச் விடாதவரை இரண்டாவது கதவும் திறந்தே இருக்கும். அதாவது இரண்டு கதவு இருந்தும் ஒரு கம்பி சிக்கினால் இரண்டுமே பயனில்லை. ஓட்டமில்லாத தண்ணீர் செம்புக் குழாயில் கொதிக்க ஆரம்பிக்கும், குழாயே வெடிக்கலாம். இதைப் பார்த்த ராத்திரியே ரெகுலேட்டரை மூடினோம். வால்வு மாற்றும் வரைக்கும் விறகடுப்பும் அண்டாவும்தான்.

மூன்றாவது அறிகுறி வாசனை. கீசர் அணைந்திருக்கும்போது அதனருகே கேஸ் வாசனை வந்தால் வேறு யோசனையே வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் கேஸ் கசிவுக்கான அவசர எண்ணான 1906க்கு போன் செய்யுங்கள். எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும்; அதனால் மேல் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது. கசிவு எங்கே என்பதை அப்புறம் மெக்கானிக் பார்க்கட்டும். சோப்பு நுரை தடவும்போது டியூப் இணைப்பில் குமிழி வந்தால் கோளாறு டியூபில் அல்லது கிளிப்பில். இணைப்பெல்லாம் சுத்தமாக இருந்தும் பர்னர் பக்கம் வாசனை வந்தால் மூடிய வால்வு கேஸை விடுகிறது என்று அர்த்தம்.

வால்வு என்று முடிவு கட்டுவதற்கு முன் எங்கள் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டியது சிலிண்டர். சமையல் கேஸில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். பியூட்டேனின் கொதிநிலை கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரி. ஜனவரி விடியலில், அதுவும் சிலிண்டர் தீரும் நிலையில், கேஸ் சோம்பலாகத்தான் வரும். தீ சின்னதாகும், பற்றத் தாமதிக்கும். வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால் வால்வில் பழுதில்லை. அதற்காக சிலிண்டர் மேல் சுடுதண்ணீர் ஊற்றுவது, பக்கத்தில் அடுப்பு மூட்டுவது எல்லாம் கூடவே கூடாது. பொறியே விழாவிட்டால் பேட்டரியையும், தண்ணீர் நுழையும் இடத்து வலை வடிகட்டியையும் பாருங்கள். மழைக்குப் பிறகு எங்கள் தண்ணீரில் வரும் மண் அதில்தான் அடைக்கும். பற்றிய தீ சில நொடியில் அணைந்தால் அந்த ஊசியில் கரி படிந்திருக்கலாம். பொறி விழுகிறது, சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, பேட்டரியும் புதுசு, ஆனாலும் அந்த 'டக்' சத்தம் கேட்கவில்லை என்றால் சோலினாய்டு போயிருக்கலாம். இல்லாவிட்டால் அதற்கு உத்தரவு கொடுக்கும் பாக்ஸ்.

மறையூரிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி பழைய வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பித்தளைக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. ரப்பர் வாஷரில் வளையம் மாதிரி ஆழமான தடம். நகத்தை வைத்தால் நகம் இறங்கியது. ஸ்பிரிங்கின் ஒரு முனை துருவேறியிருந்தது. ஜூன் தொடங்கி மாதக்கணக்கில் ஈரம் சொட்டும் ஊரில் இது ஆச்சரியமில்லை. "தேச்சு கிரீஸ் போட்டா ஓடும் டீச்சர். ஆனா எத்தனை நாளைக்குன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். முழு வால்வையும் மாற்றச் சொன்னேன், அதில் எனக்கு இரண்டாவது யோசனை வரவில்லை. கனடாவில் இருக்கும் நாத்தனார் வீட்டில் வீட்டையே சூடாக்கும் கேஸ் பர்னேஸ் உண்டு. அதன் வால்வு 24 வோல்ட்டில் இயங்குவது, அதிலும் அடுத்தடுத்து இரண்டு கதவு. அங்கேயும் வால்வைப் பிரித்து ரிப்பேர் பார்ப்பதில்லை, அப்படியே மாற்றிவிடுகிறார்கள்.

வால்வு வாங்கக் கடைக்குப் போகும்போது கீசரில் ஒட்டியிருக்கும் மாடல் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மரை பொருந்துவது மட்டும் போதாது, எல்.பி.ஜிக்கான வால்வாகவும் அதே மாடலுக்கானதாகவும் இருக்க வேண்டும். எங்களுக்கு அடிமாலியில் கிடைத்தது. மாற்றிய பிறகு எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவச் சொன்னேன், ராத்திரி கண்ணாடி வழியாகத் தீ அணைவதையும் பார்த்தேன். இப்போது பைப்பை மூடிய கையோடு அணைகிறது, 'பொப்' சத்தமும் போய்விட்டது. டியூபையும் அப்போதே மாற்றினோம். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு ஆயுள் 5 வருடம்.

கீசர் எங்கள் வீட்டில் குளியலறைக்கு வெளியே, பின்பக்கச் சாய்ப்பில் இருக்கிறது. அது அங்கேதான் இருக்க வேண்டும். மூடிய குளியலறைக்குள் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது, புது வால்வு போட்டாலும் அந்த ஆபத்து போகாது. புதிதாக வாங்குவோர் இந்தியத் தர எண்ணான ஐ.எஸ் 15558 முத்திரையைப் பார்த்து வாங்கலாம்.

இப்போது ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் வடிகட்டியைக் கழுவுகிறோம், ராத்திரி ஒரு தடவை தீயைப் பார்க்கிறோம். லீவுக்குத் தென்காசிப் பக்கம் ஊருக்குப் போகும்போது ரெகுலேட்டரை மூடி, பேட்டரியையும் கழற்றி வைத்துவிடுகிறோம். பேட்டரி கசிந்தால் உள்ளே இருக்கும் தகட்டு முனைகள் அரித்துப்போகும்.