ஒரே சண்டை, இரண்டு முறை: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்ட்டர் செட்

பாதையில் இரண்டு குதிரைகள் அம்பு பாய்ந்து செத்துக் கிடக்கின்றன. பார்க்கலாம் என்று கிட்டப் போகிறோம். இருபுறத்துப் புதர்களிலிருந்தும் நான்கு காப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்) பாய்கின்றன. இந்தப் பெட்டியில் வரும் கதையின் முதல் சண்டையே இதுதான். ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு இது. எங்களில் யாருக்கும் இந்த வகை விளையாட்டில் முன்அனுபவம் இல்லை. அரை மணி நேரத்தில் நால்வரும் தரையில் கிடந்தோம்.

கதை நடத்தியவன் என் தம்பி. அவன் மகன் கோடரி ஏந்திய ஃபைட்டர் (போர்வீரன்), என் மகள் ரோக் (பதுங்கித் தாக்குபவள்), என் கணவர் கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி), நான் விசார்ட் (மந்திரவாதி). தோற்றதும் தம்பி புத்தகத்தை மூடிவிட்டு, "அக்கா, உங்க நாலு பேர் தாள்லயும் பாதிக்கு மேல யாரும் தொடவே இல்லை. அடுத்த வாரம் இதே சண்டையை மறுபடி ஆடலாம், அதுக்குள்ள படிச்சுட்டு வாங்க" என்றான். படித்தோம். நான் சொல்லப்போவது அந்த இரண்டு சண்டைகளைப் பற்றி. பெட்டியில் உள்ள மற்ற சாகசங்களை வெளியே சொன்னால் உங்கள் விளையாட்டு கெடும்.

முதலில் பெட்டி. 2014-இல் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்த ஸ்டார்ட்டர் செட் இது. 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கச் சாகசப் புத்தகம், ஏற்கெனவே நிரப்பிய ஐந்து கதாபாத்திரத் தாள்கள், ஆறு பகடைகள். பகடைகள் 4, 6, 8, 10, 12, 20 முகம் கொண்டவை, ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. பொம்மைகள் கிடையாது, நாங்கள் சட்டைப் பொத்தான்களை வைத்து ஆடினோம், அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பகடைதான் போதவில்லை. 20 முகப் பகடை ஒன்றை நான்கு பேரும் தம்பியும் கைமாற்றிக்கொண்டே இருந்தோம்.

அடிப்படைக் கணக்கு எளிது. 20 முகப் பகடையை உருட்டி, தாளில் உள்ள எண்ணைக் கூட்டி, எதிரியின் ஆர்மர் கிளாஸை (தற்காப்பு எண்) எட்டினால் அடி விழும். காப்ளினுக்கு அது 15. எங்கள் ஃபைட்டர் கூட்டும் எண் 5. அப்படியென்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், 55 சதவீத வாய்ப்பு. விதிப் புத்தகம் இதை நன்றாகவே விளக்குகிறது. பத்தே நிமிடத்தில் என் மகளுக்குப் பிடிபட்டுவிட்டது.

தடுமாறியது திறமைகளிடத்தில்தான். தாளில் செகண்ட் விண்ட், ஸ்னீக் அட்டாக் என்று பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. படித்தால் எல்லாமே பெரிய விஷயமாகத் தெரிகிறது, எதை எப்போது எடுப்பது என்று தெரிவதில்லை.

செகண்ட் விண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைட்டர் 10 முகப் பகடை உருட்டி, தன் நிலையையும் (லெவல்) கூட்டி, அவ்வளவு உயிர்ப்புள்ளிகளை மீட்டுக்கொள்ளலாம். தம்பி மகன் இதைத் தன் முறை (டர்ன்) முழுவதையும் தின்றுவிடும் வேலை என்று நினைத்துவிட்டான். "மூச்சு வாங்கினா அடிக்க முடியாதே அத்தை" என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தான். கடைசியில் அதைப் பயன்படுத்தாமலே விழுந்தான். தாளில் அந்த வாக்கியத்தின் நடுவில் 'போனஸ் ஆக்‌ஷன்' என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவை இருந்தால் அதே முறையில் கோடரியையும் வீசலாம் என்று அர்த்தம். இவ்வளவு முக்கியமான இரண்டு சொற்கள் மற்ற எழுத்துகளோடு எழுத்தாக ஒளிந்துகிடக்கக் கூடாது. என்னுடைய பெரிய குறை இதுதான்.

உங்கள் முறை வரும்போது அடிக்கவோ மந்திரம் போடவோ ஒரு ஆக்‌ஷன் உண்டு, நடக்க ஒரு தூரம் உண்டு. ஏதாவது ஒரு திறமை இடம் கொடுத்தால் மட்டும் ஒரு போனஸ் ஆக்‌ஷன். இவை போக, அடுத்த உங்கள் முறை வரும்வரை, மற்றவர் முறையில் பதிலுக்குச் செய்ய, ஒரே ஒரு ரியாக்‌ஷன். இந்தப் பைகளில் எதிலிருந்து ஒரு திறமை செலவாகிறது, ஓய்வெடுக்கும் முன் எத்தனை தடவை செய்யலாம் என்ற இரண்டும் தெரிந்தால் தாள் பேசத் தொடங்கிவிடும். எவ்வளவு சேதம் செய்யும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதனால் அந்த வாரம் நாங்கள் வண்ணப் பேனாக்களை எடுத்தோம். ஆக்‌ஷனுக்குச் சிவப்புப் புள்ளி, போனஸ் ஆக்‌ஷனுக்கு நீலம், ரியாக்‌ஷனுக்கு மஞ்சள். பக்கத்தில் எத்தனை தடவை என்ற எண். மந்திரங்களின் விவரம் தாளில் இல்லை, விதிப் புத்தகத்தின் பின்பகுதியில் இருக்கிறது. ஒரே புத்தகத்துக்கு நானும் என் கணவரும் போட்டி போட்டோம். அடிப்படை விதிகளைப் பதிப்பாளர்கள் இலவசமாகவே இணையத்தில் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து மந்திரப் பக்கங்களை மட்டும் தனியாக அச்செடுத்த பிறகுதான் வீட்டில் அமைதி வந்தது.

என் கணவருக்கு நீலப் புள்ளி ஒன்று கிடைத்தது. முதல் சண்டையில் ஃபைட்டர் விழுந்தபோது அவர் 40 அடி தள்ளி நின்றார். க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் தொட்டுத்தான் குணப்படுத்தும். அவர் கதாபாத்திரம் குள்ளர், நடை 25 அடி. முறை முழுவதும் ஓடுவதிலேயே போனது. அதே பட்டியலில் ஹீலிங் வேர்டு இருக்கிறது. 4 முகப் பகடைதான், குறைவாகத்தான் குணமாகும். ஆனால் 60 அடி தள்ளியிருந்தே சொல்லலாம், அதுவும் போனஸ் ஆக்‌ஷனில். சாகக் கிடப்பவன் எழுந்து நிற்க ஒரே ஒரு உயிர்ப்புள்ளி போதும் என்பதால், சண்டை நடுவில் அந்தச் சின்னப் பகடை பெரியதைவிட மேல்.

மகளின் கதை வேறு. ஸ்னீக் அட்டாக் என்ற பெயரைப் பார்த்து ஒளிந்திருந்தால்தான் அடிக்க முடியும் என்று நினைத்து, முதல் சண்டையில் மூன்று முறைகளை மரத்தின் பின்னாலேயே கழித்தாள். காப்ளின்கள் அம்பு விட்டுவிட்டு அதே மூச்சில் ஒளிந்ததைப் பார்த்ததும் அவளுக்கும் ஆசை வந்தது. காப்ளினுக்கு ஒளிவது போனஸ் ஆக்‌ஷன். முதல் நிலை ரோக்குக்கு அது முழு ஆக்‌ஷன். இரண்டாம் நிலையில்தான் அந்தச் சலுகை வரும். ஸ்னீக் அட்டாக்குக்கு ஒளியவே தேவையில்லை. வில்லோ சிறிய வாளோ கையில் இருந்து, எதிரியின் 5 அடிக்குள் நம் ஆள் ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், ரோக்குக்கு வேறு பாதகம் இல்லாதவரை 6 முகப் பகடை ஒன்று கூடுதலாகச் சேரும். இதற்கு அவள் புள்ளியே வைக்கவில்லை. "அடியோடு ஒட்டி வரும், முறைக்கு ஒன்று" என்று எழுதிக்கொண்டாள். அந்த ஒரு வரி எழுதிய பிறகு அவள் ஃபைட்டரை விட்டு நகரவில்லை.

நான் முதல் நாளில் என் இரண்டு ஸ்பெல் ஸ்லாட்டுகளையும் (ஓய்வெடுக்கும் முன் மந்திரம் போடக் கிடைக்கும் வாய்ப்புகள்) மேஜிக் மிசைலுக்குக் கொடுத்தேன். மூன்று அம்புகள், தவறவே தவறாது. மூன்றையும் ஏற்கெனவே அடிபட்ட ஒரே காப்ளின் மேல் விட்டேன். காப்ளினுக்கு மொத்தமே 7 உயிர்ப்புள்ளி. அம்புகளைப் பிரித்து விடலாம் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை.

இரண்டாம் சண்டை. இந்த முறை ஃபைட்டர் முன்னால் ஓடாமல் நின்றான், நான் கேட்டுக்கொண்டதால். ஸ்லீப் மந்திரம் 20 அடி ஆரத்துக்குள் இருப்பவர்களில் உயிர்ப்புள்ளி குறைந்தவரிலிருந்து தொடங்கித் தூங்க வைக்கும். நம் ஆளும் உள்ளே இருந்தால் அவரும் கணக்கில் வருவார். 8 முகப் பகடை ஐந்து வேண்டும். எங்களிடம் ஒன்றுதான், ஐந்து தடவை உருட்டினேன். 6, 3, 8, 2, 5. கூட்டினால் 24, அவ்வளவு உயிர்ப்புள்ளி வரை தூங்க வைக்கலாம். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று தம்பி மூன்று பொத்தான்களைக் கவிழ்த்து வைத்தான். மீதி 3, நான்காவதுக்குப் போதவில்லை.

அது என்னைக் குறி வைத்து அம்பு விட்டது. கூட்டுத்தொகை 16. என் ஆர்மர் கிளாஸ் 12, உயிர்ப்புள்ளி 8. அதன் அம்பு 8 வரை சேதம் செய்யும். தம்பி சேதத்துக்குப் பகடையைக் கையில் எடுத்துவிட்டான். என் தாளில் மஞ்சள் புள்ளி ஒன்றே ஒன்று. "ஷீல்டு" என்றேன். அந்த மந்திரத்தால் என் ஆர்மர் கிளாஸ் ஐந்து கூடி 17 ஆனது, அம்பு வீணானது. முறை என்னுடையது இல்லாதபோதும் எனக்கு ஒரு வேலை உண்டு என்று அந்த நொடியில்தான் உறைத்தது. இரண்டு ஸ்லாட்டுகளும் தீர்ந்தன, ஆனால் இந்தத் தடவை இரண்டும் வேலை செய்தன.

தூங்குகிறவனை அடிக்க அட்வான்டேஜ் உண்டு. இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். ஃபைட்டரின் 55 சதவீதம் அப்போது ஏறக்குறைய 80 ஆகிறது. 5 அடிக்குள் நின்று அடித்தால், பட்ட அடியெல்லாம் கிரிட்டிகல், அதாவது சேதப் பகடைகள் இரட்டிப்பு. அட்வான்டேஜ் இருந்தாலே ஸ்னீக் அட்டாக்கும் சேரும். என் மந்திரத்தால் என் மகளின் பகடைகள் பெருகின. நான்கு தாள்களும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள் என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. இந்தப் பெட்டியை நான் நேசிப்பது அதற்காகத்தான்.

பிளெஸ் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பேருக்கு ஒவ்வொரு தாக்குதலிலும் 4 முகப் பகடை கூடுதலாகத் தரும் மந்திரம். கூட்ட மறந்துவிடுவோம், கட்டாயம் மறப்போம். கிளெரிக் அடிபட்டால் கவனம் சிதறாமல் இருக்க உருட்ட வேண்டும் என்பதும் மறக்கும். அந்த 4 முகப் பகடையை மேசை நடுவில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிடுங்கள்.

யாருக்கு வாங்கச் சொல்வேன்? இதற்கு முன் எதுவும் ஆடாத நான்கைந்து பேருக்கு, அதில் ஒருவராவது முன்கூட்டிப் படிக்கத் தயாராக இருந்தால், தயங்காமல் வாங்கலாம். கூடவே இன்னொரு 20 முகப் பகடையும் வாங்கிவிடுங்கள். விதிகள் 2024-இல் திருத்தப்பட்டுவிட்டன என்பதையும் கவனியுங்கள். புதிய விதிகளில் ஹீலிங் வேர்டுக்கு இரண்டு பகடைகள், க்யூர் வூண்ட்ஸுக்கும் இரண்டு. ஸ்லீப் வேலை செய்யும் விதமே வேறு. பழைய பெட்டியையும் புதிய புத்தகத்தையும் ஒரே மேசையில் கலந்து ஆடினால் வீண் குழப்பம். ஒன்றோடு இருங்கள்.

நாங்கள் இப்போது இரண்டாம் நிலைக்கு வந்திருக்கிறோம். ஃபைட்டருக்கு ஆக்‌ஷன் சர்ஜ் கிடைத்திருக்கிறது, ஓய்வுக்கு ஒரு தடவை அதே முறையில் இன்னொரு ஆக்‌ஷன். தம்பி மகன் பேனாக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, "அத்தை, இது எந்தப் பையிலிருந்தும் எடுக்கலையே, கூட ஒண்ணு குடுக்குதே, இதுக்கு என்ன கலர்?" என்று கேட்டான். பச்சை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.