வெள்ளவத்தையில ஒரு அறை வீடு: பெயின்ட் புதுசு, பைப் பழசு

கொழும்பு வெள்ளவத்தையில, காலி வீதிக்கும் கடலோர மரைன் டிரைவுக்கும் நடுவில, மூண்டாம் மாடியில ஒரு வாடகை வீடு. ஒரு அறை, சின்ன ஹோல், குசினி. திருத்தின வீடு எண்டு புரோக்கர் சொன்னது பொய்யில்லை. புது டைல்ஸ், வெள்ளை பன்ட்ரி கபட், ஏசி எல்லாம் இருக்கு. ஆனால் சிங்குக்குக் கீழ குனிஞ்சு பார்த்தால் கதை வேற. பழைய பைப்பின்ர மூட்டில வெள்ளை டேப் சுத்தி, அதுக்கு மேலயே பெயின்ட் அடிச்சு விட்டிருக்கினம். குடிவந்த கையோட அது ஒழுகத் தொடங்கீட்டுது. வீட்டுக்கார அன்ரி அடுத்த நாளே பிளம்பரை அனுப்பினா, அதுக்கு முழுப் புள்ளி.

கடற்பக்க யன்னலைத் திறந்தால் ஏசியே தேவையில்லை. ஆனால் அந்த உப்புக் காத்துதான் எமன். கிறில், ஏசியின்ர வெளி யூனிட், கதவுப் பிணைச்சல் எல்லாத்திலயும் துரு. கரையோர ரயில் போகேக்க கண்ணாடி அதிரும். போனில கதைக்கிறவை கொஞ்சம் நிப்பாட்டித்தான் கதைக்கவேணும்.

இடம் எண்டால் இதை அடிக்க ஏலாது. முருங்கைக்காயில இருந்து ஒடியல் மா வரைக்கும் நடந்து போய் வாங்கலாம். காலி வீதிக்கு இறங்கினால் புறக்கோட்டைக்கு 100, 101 பஸ். பின்னேர நெரிசலில ஏறுறது வேற விசயம்.

வாடகை இந்த ஏரியாவுக்குப் பரவாயில்லை, ஆறு மாச அட்வான்ஸ்தான் இடிக்குது. தனியாளுக்கோ புதுச் சோடிக்கோ தாராளம். கார் இருந்தால் யோசியுங்கோ, பார்க்கிங் இல்லை. பார்க்கப் போகேக்க எல்லாப் பைப்பையும் ஒருக்காத் திறந்து பாருங்கோ, தண்ணி மீற்றர் தனியோ பொதுவோ எண்டும் கேளுங்கோ.