கப்பல் சமையலுக்கு ஒரு ஸ்பானிஷ் அகராதி

எனக்கு ஊர் குளச்சல், வேலை சரக்குக் கப்பலில் சமையல். ஸ்பெயினின் அல்ஹெஸீராஸ், பெருவின் கயாவ் மாதிரித் துறைமுகங்களில் சாமான் ஏற்றும்போது ஸ்பானிஷ் தெரிந்தால்தான் கேட்டது வந்து சேரும். அதற்கு நான் வைத்திருப்பது ஸ்பானிஷ்டிக்ட் என்ற ஆங்கில–ஸ்பானிஷ் அகராதி. வெப்சைட்டும் உண்டு, ஆப்பும் உண்டு. இலவசம்தான்.

இதை நல்ல அகராதி என்று அடித்துச் சொல்ல எனக்கு 'ஃபிஷ்' என்ற ஒரு சொல் போதும். நமக்கு வலையில் துள்ளினாலும் மீன், குழம்பில் கிடந்தாலும் மீன். ஸ்பானிஷ்காரர்களுக்கு நீந்துவது 'பெஸ்', பிடித்துச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டால் 'பெஸ்காதோ'. சும்மா ஒரு சொல்லை மட்டும் கொடுத்தால் இது எப்படித் தெரியும்? இதில் விலங்கு, உணவு என்று பொருளைப் பிரித்து, உதாரண வாக்கியமும் போட்டிருக்கிறார்கள். மீன் பிடிப்பதற்கு 'பெஸ்கார்'. பிடித்தேன், பிடித்தாய், பிடிப்பார்கள் என்று அந்த வினை மாறுகிற வடிவமெல்லாம் அட்டவணையாக வரும். உச்சரிப்பையும் கேட்கலாம்.

ஸ்பானிஷில் ஆண்பால், பெண்பாலைக் கவனிக்காமல் விடக்கூடாது. ஆண்பாலாக 'எல் பெஸ்' என்றால் மீன். பெண்பாலாக 'லா பெஸ்' என்றால் வள்ளத்துக்குப் பூசுகிற கீல்!

சொல் நாட்டுக்கு நாடு மாறுவதும் உண்டு. இறால் ஸ்பெயினில் 'காம்பா', லத்தீன் அமெரிக்காவில் 'கமரோன்'. நெத்தோலி கதை இன்னும் சுவாரசியம். ஸ்பெயினில் பச்சையாக இருந்தால் 'போக்கெரோன்', உப்பில் பதப்படுத்தினால் 'அன்ச்சோவா'. பெரு நாட்டுக் கடலில் பிடிப்பது 'அன்ச்சோவேத்தா'. பச்சை நெத்தோலிக்கு ஒரு விலை, கருவாட்டுக்கு ஒரு விலை பேசுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஒரே குறை, தமிழ் கிடையாது. சாளையும் அயிலையும் ஆங்கிலத்தில் என்ன என்று தெரிந்தால்தான் தேடவே முடியும். அதனால் சாளைக்கு 'சர்தீனா', அயிலை வகைக்கு 'கபாயா' என்று நானே ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கொட்டில்பாட்டிலிருந்து புதிதாகக் கப்பலேறப் போகும் தம்பி ஒருத்தன் அதை முழுக்க ஃபோட்டோ எடுத்துக்கொண்டான்.